அலபாமா உரிமைப் போராட்டப் படப்பலகைகள்: வாடகைக்கு எடுக்கும் முன் படியுங்கள்

வியாசர்பாடியில் ஃப்ளெக்ஸும் சன்போர்டும் (லேசான நுரைப்பலகை) அச்சடிக்கும் ஒரு சிறு கடை, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கறுப்பின மக்கள் நடத்திய உரிமைப் போராட்டம் பற்றிய 28 படப்பலகைகளை வாடகைக்கு விடுகிறது. படிப்பகங்கள், இரவுப் பாடசாலைகள், அம்பேத்கர் மன்றங்கள், தொழிற்சங்கங்கள்தான் பெரும்பாலும் எடுக்கின்றன. ஒரு நாளைக்கு 1,500 ரூபாய், மூன்று நாளைக்கு 3,500. திருப்பித் தரும் அட்வான்ஸ் 3,000. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மான்ட்கோமரி நகரப் பேருந்துப் புறக்கணிப்பு பற்றிய 11 பலகைகளுக்காகவே இதை எடுக்கலாம். செல்மா ஊரின் ஊர்வலங்கள் பற்றிய 3 பலகைகளை இப்போதிருக்கும் நிலையில் மாட்டவே கூடாது.

நம் பக்கத்து மேடைகளில் இந்தப் போராட்டம் இரண்டு பெயர்களோடு முடிந்துவிடுகிறது. ரோசா பார்க்ஸ் பஸ் இருக்கையை விட்டு எழுந்திருக்க மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் பேசினார், சட்டம் மாறியது என்று சொல்லி இறங்கிவிடுகிறார்கள். இந்தத் தொகுப்பைத் தயாரித்தவர்கள் அப்படி விடவில்லை. மான்ட்கோமரியில் சுமார் 40,000 பேர் ஓராண்டுக்கு மேல் பஸ் ஏறாமல் எப்படி வேலைக்குப் போய் வந்தார்கள், பெட்ரோலுக்குக் காசு எங்கிருந்து வந்தது, வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் யார் கொடுத்தார்கள் என்றெல்லாம் கேட்டுப் பதிலும் சொல்லியிருக்கிறார்கள். போராட்டம் நடத்துகிறவர்களுக்கு வேண்டியது இதுதான்.

முதல் 4 பலகைகள் பின்னணி. அவற்றில் 1901-ஆம் ஆண்டு அலபாமா அரசமைப்புச் சட்டம் பற்றிய பலகை மிக நன்றாக இருக்கிறது. வாக்குரிமை வேண்டுமென்றால் ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வரி. கட்டாத ஆண்டுகளின் பாக்கி சேர்ந்துகொண்டே போகும், 36 டாலர் வரை. அதற்கு மேல் எழுத்தறிவுச் சோதனை, சொத்துத் தகுதி. சட்டம் வருவதற்கு முன் சுமார் 1,81,000 கறுப்பின ஆண்கள் வாக்களிக்கும் தகுதியோடு இருந்தார்கள். வந்த இரண்டே ஆண்டில் பதிவானவர்கள் 3,000-க்கும் குறைவு. சட்டத்தில் எந்த இடத்திலும் 'கறுப்பினத்தவர் வாக்களிக்கக் கூடாது' என்று எழுதவில்லை. எழுதாமலே எப்படிச் சாதித்தார்கள் என்பதை இந்த ஒரு பலகையை வைத்தே அரை மணி நேரம் பேசலாம்.

5 முதல் 15 வரை மான்ட்கோமரி. 6-ஆவது பலகை பேருந்தின் இருக்கை வரைபடம். மொத்தம் 36 இருக்கை. முன்னால் 10 வெள்ளையருக்கு. அவை காலியாகவே ஓடினாலும் கறுப்பினத்தவர் உட்காரக் கூடாது. பின்னால் 10 கறுப்பினத்தவருக்கு. நடுவில் உள்ள 16 டிரைவரின் இஷ்டம். முன்வாசலில் ஏறி 10 சென்ட் கட்டிவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏறச் சொல்வதும் உண்டு. அதற்குள் டிரைவர் வண்டியை எடுத்துவிடுவதும் நடந்தது.

பார்வையாளர்கள் வழக்கமாகத் தவறாகப் புரிந்துகொள்வதை இந்த வரைபடம் சரிசெய்கிறது. 1955 டிசம்பர் 1 அன்று ரோசா பார்க்ஸ் வெள்ளையர் இருக்கையில் உட்காரவில்லை. நடுப்பகுதியின் முதல் வரிசையில், அன்றைய விதிப்படி உட்காரக்கூடிய இடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நின்றுகொண்டிருந்தது ஒரே ஒரு வெள்ளைக்காரர். ஆனால் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே வரிசையில் உட்காரக் கூடாது என்பதால் அந்த வரிசையிலிருந்த நான்கு பேரும் எழ வேண்டும் என்றார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள். விளக்கிச் சொல்பவர் இந்த 'நான்கு பேரும்' என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இது ஒரு சீட்டுக்கான தகராறாகத் தெரிந்துவிடும். வரைபடத்தில் எழுத்து மிகச் சிறியது. மூன்றடி தள்ளி நின்றால் படிக்க முடியாது. ஏ3 அளவில் ஒரு பிரதி எடுத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இந்தப் பகுதியிலேயே மூன்று பிழைகள் இருக்கின்றன. மாட்டுவதற்கு முன் திருத்தச் சீட்டு ஒட்டியாக வேண்டும். 7-ஆவது பலகையில் ரோசா பார்க்ஸ் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் புகழ்பெற்ற படம், 'கைதாவதற்குச் சற்று முன்' என்ற குறிப்போடு இருக்கிறது. அந்தப் படம் 1956 டிசம்பர் 21 அன்று, பேருந்துகளில் பாகுபாடு ஒழிந்த முதல் நாளில், பத்திரிகைகளுக்காக எடுக்கப்பட்டது. பின் இருக்கையில் இருக்கும் வெள்ளைக்காரர் ஒரு செய்தியாளர். 8-ஆவது பலகையில் 7053 என்ற எண்ணோடு இருக்கும் காவல்துறைப் படத்துக்கும் டிசம்பர் 1 என்று தேதி போட்டிருக்கிறார்கள். அது 1956 பிப்ரவரியில் புறக்கணிப்பு நடத்தியதற்காக வழக்குப் போட்டு 80-க்கும் மேற்பட்டோரைக் கைது செய்தபோது எடுத்தது. அதே பலகையில் 'வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரப் பெண்' என்கிறது வாசகம். இந்தப் பிழைதான் மற்ற இரண்டையும்விட ஆபத்தானது. அவர் 1943 முதல் கறுப்பின மக்கள் உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக உழைத்தவர். கைதாவதற்குச் சில மாதங்கள் முன்புதான் டென்னசியில் ஒரு போராட்டப் பயிற்சிப் பள்ளிக்குப் போய் வந்திருந்தார். களைப்பில் உட்கார்ந்தார் என்று சொல்லும்போது அந்தப் பன்னிரண்டு ஆண்டு உழைப்பைத் துடைத்துவிடுகிறோம்.

9-ஆவது பலகை ஜோ ஆன் ராபின்சன் பற்றியது. தொகுப்பிலேயே எங்களுக்கு மிகப் பிடித்தது. கல்லூரி ஆசிரியர், பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவர். பேருந்தில் மரியாதையாக நடத்தாவிட்டால் புறக்கணிப்பு வரும் என்று 1954 மே மாதத்திலேயே மேயருக்குக் கடிதம் எழுதியிருந்தார். ரோசா பார்க்ஸ் கைதான அன்று இரவே, இரண்டு மாணவர்களையும் ஒரு சக ஆசிரியரையும் கூட்டிக்கொண்டு, கல்லூரியின் உருட்டச்சு இயந்திரத்தில் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அடித்தார். காகிதத்தை மிச்சப்படுத்த ஒரு தாளில் மூன்று அறிக்கை, பிறகு வெட்டிக்கொள்வது. விடிந்ததும் பள்ளிகள், கடைகள், அழகு நிலையங்கள் எங்கும் விநியோகம். கிங் அப்போது படத்திலேயே இல்லை. கூட்டம் நடந்து, மான்ட்கோமரி மேம்பாட்டுச் சங்கம் உருவாகி, 26 வயது கிங் அதன் தலைவரானது டிசம்பர் 5 அன்றுதான்.

10-ஆவது பலகை தொடக்கக் கோரிக்கைகள். இதையும் தவறவிடக் கூடாது. ஓட்டுநர்கள் மரியாதையாக நடக்க வேண்டும். முதலில் வருபவர் முதலில் உட்காரலாம், ஆனால் கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் நிரப்பிக்கொண்டு வரலாம். கறுப்பினப் பகுதித் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்கள் வேண்டும். இவ்வளவுதான் முதலில் கேட்டது. பிரிவினையை முழுவதும் ஒழிக்கச் சொல்லவில்லை. இதைக்கூடத் தர மறுத்தார்கள் என்பதால்தான் வழக்கு அரசமைப்புச் சட்டத்தையே கேள்வி கேட்கும் அளவுக்குப் போனது.

11, 12 இரண்டும் போக்குவரத்து ஏற்பாடு. கறுப்பின டாக்சி ஓட்டுநர்கள் முதலில் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற நகராட்சி விதியைத் தூசி தட்டி எடுத்து, மீறினால் அபராதம் என்றது போலீஸ். உடனே, 1953-இல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில் நடந்த புறக்கணிப்பின் அனுபவத்தைக் கேட்டறிந்து, சொந்தக் கார்களை வைத்து ஓர் ஏற்பாடு செய்தார்கள். சுமார் 300 கார்கள், குறிப்பிட்ட ஏறுமிடங்கள், குறிப்பிட்ட நேரங்கள். மின்ட்டில் ஷேர் ஆட்டோ ஏறிப் பழகிய நம் மக்களுக்கு இந்த வரைபடத்தை விளக்கவே வேண்டாம், பார்த்ததும் பிடித்துக்கொள்கிறார்கள். கார்களின் இன்சூரன்சை நிறுவனங்கள் ரத்து செய்தபோது அட்லான்டாவைச் சேர்ந்த கறுப்பின முகவர் ஒருவர் வழியாக லண்டன் லாயிட்ஸில் பாலிசி எடுத்தார்கள். போராட்டக் குழுவில் காப்பீடு தெரிந்தவர், கணக்கு எழுதத் தெரிந்தவர் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

13-ஆவது பலகை ஜார்ஜியா கில்மோர். சமையல்காரர். நீதிமன்றத்தில் கிங்குக்காகச் சாட்சி சொன்னதால் வேலை போனது. கோழிக்கறி, கேக், பை எல்லாம் வீட்டில் செய்து விற்று, அந்தக் காசைக் கார்களின் பெட்ரோலுக்குக் கொடுத்தார். அவருடைய குழுவுக்குப் பெயரே 'எங்கிருந்தும் வராத மன்றம்'. பணம் எங்கிருந்து வந்தது என்று யார் கேட்டாலும், 'எங்கிருந்தும் வரவில்லை' என்று சொல்லலாம். வெள்ளையர் வீட்டில் வேலை செய்துகொண்டே காசு கொடுத்த பெண்கள் மாட்ட மாட்டார்கள். தெருவில் இட்லிக்கடை போட்டுக் குடும்பம் நடத்தும் அம்மாக்கள் அதிகம் நிற்கும் பலகை இது. உயரத்தில் மாட்டாதீர்கள்.

14-ஆவது பலகை வழக்கு. ரோசா பார்க்ஸின் வழக்கில் 10 டாலர் அபராதம், 4 டாலர் கோர்ட் செலவு. அந்த மேல்முறையீடு மாநில நீதிமன்றங்களிலேயே மாட்டிக்கொள்ளும் என்பதால், வழக்கறிஞர் ஃபிரெட் கிரே 1956 பிப்ரவரி 1 அன்று வேறு ஐந்து பெண்களின் பெயரில் மத்திய நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டார். ஒருவர் விலகிக்கொள்ள, நிலைத்து நின்றவர்கள் ஒரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கால்வின். கால்வினுக்கு, ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பு இதே குற்றத்துக்காகக் கைதானபோது வயது 15. ஜூன் 5 அன்று மூன்று நீதிபதிகளில் இருவர் சாதகமாகத் தீர்ப்பளித்தார்கள். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதே நாளில்தான் மான்ட்கோமரி நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடை போட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவு ஊர் வந்து சேர்ந்தது டிசம்பர் 20-இல். இடைப்பட்ட ஐந்து வாரமும் கார் இல்லாமல் நடந்தார்கள். பலகை இந்த ஐந்து வாரத்தை விட்டுவிட்டது. வாயால் சேர்த்துச் சொல்லுங்கள், ஏனென்றால் வெற்றி கையில் கிடைத்த பிறகும் கலைந்து போகாத ஒழுங்கு அங்கேதான் தெரிகிறது.

15-இல் '381 நாள்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். பிப்ரவரி 29-ஐ மறந்து கணக்குப் போடும் பிள்ளைகளுக்கு 380 வரும். 1956 லீப் ஆண்டு.

அடுத்த மூன்றும் வேகமாகக் கடக்கக்கூடியவை: அலபாமா பல்கலைக்கழகத்தில் 1956-இல் முதல் கறுப்பின மாணவியாக ஆதரின் லூசி சேர்ந்து விரட்டப்பட்டது, 1961 மே 14 அன்று ஆனிஸ்டன் அருகே சுதந்திரப் பயணிகளின் (பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து பேருந்தில் போனவர்கள்) பேருந்து எரிக்கப்பட்டது. படங்கள் தெளிவு, வாசகம் சரி.

அலபாமாவின் பர்மிங்காம் நகருக்கு 5 பலகைகள். 1963 மே 2 அன்று பள்ளியை விட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஊர்வலம் வந்ததும், மறுநாள் தீயணைப்புக் குழாய்களையும் நாய்களையும் ஏவியதும் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் என்ற பெயரே இல்லை. இதை மன்னிக்க முடியாது. 1956-இல் அலபாமா நீதிமன்றம் உரிமைச் சங்கத்துக்குத் தடை விதித்த சில நாட்களிலேயே புதிய அமைப்பைத் தொடங்கி, அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் வீட்டுக்குக் குண்டு வைத்த பிறகும் மறுநாளே ஆட்களோடு பேருந்து ஏறியவர் அவர். கிங்கைப் பர்மிங்காமுக்கு அழைத்ததும் அவர்தான். 23-ஆவது பலகையில் 16-ஆம் தெரு தேவாலயக் குண்டுவெடிப்பு, 1963 செப்டம்பர் 15. இறந்த நான்கு சிறுமிகளின் பெயரும் சரியாக இருக்கிறது. தண்டனை எப்போது கிடைத்தது என்பதை மட்டும் எழுதவில்லை. சீட்டு ஒட்டுங்கள்: ஒருவருக்கு 1977, இன்னொருவருக்கு 2001, மூன்றாமவருக்கு 2002. கீழ்வெண்மணி வழக்கை அறிந்தவர்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறைக்கு இருமுறை படிப்பார்கள்.

இப்போது செல்மா. 1965 மார்ச்சில் நடந்த மூன்று ஊர்வலங்களை ஒன்றாகக் கலந்துவிட்டார்கள். மார்ச் 7: சுமார் 600 பேர் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தைத் தாண்டியதும் அடித்து நொறுக்கப்பட்ட நாள், முன்னால் நின்று நடத்திய ஜான் லூயிஸின் மண்டை உடைந்தது; இதுதான் 'ரத்த ஞாயிறு'. மார்ச் 9: கிங் தலைமையில் பாலம் வரை போய்த் திரும்பிய நாள். மார்ச் 21 முதல் 25 வரை: நீதிமன்ற அனுமதியோடு, ராணுவப் பாதுகாப்போடு, 54 மைல் நடந்து மான்ட்கோமரி போய்ச் சேர்ந்த ஊர்வலம். பலகையிலோ மார்ச் 25-இன் பெருங்கூட்டப் படத்துக்குக் கீழே 'ரத்த ஞாயிறு' என்று இருக்கிறது. பிப்ரவரி 18 அன்று மேரியன் ஊரில் போலீசால் சுடப்பட்டு, எட்டு நாள் கழித்து இறந்த ஜிம்மி லீ ஜாக்சன் பற்றி ஒரு வரி இல்லை. அவர் சாவுதான் அந்த ஊர்வலத்துக்கே காரணம். வாக்காளர் பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள் திறந்திருந்ததும் இல்லை. சீட்டு ஒட்டிச் சமாளிக்கக்கூடிய பிழைகள் அல்ல இவை. மூன்றையும் பெட்டியிலேயே விட்டுவிட்டு, ஒரு சார்ட்டில் மேலே சொன்ன தேதிகளையும் 1965 ஆகஸ்ட் 6 வாக்குரிமைச் சட்டத்தையும் கையால் எழுதி மாட்டுவது மேல்.

27-ஆவது பலகை கிங்கின் 1959 இந்தியப் பயணம். காந்தி சமாதி, நேரு சந்திப்பு, அவ்வளவே. கேரளத்தில் தாழ்த்தப்பட்ட மாணவர்கள் படித்த பள்ளியொன்றில் தலைமையாசிரியர் கிங்கை 'அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர்' என்று அறிமுகப்படுத்தியதையும், தான் முதலில் அதிர்ந்து பிறகு அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதையும் 1965-இல் கிங்கே சொல்லியிருக்கிறார். அம்பேத்கர் 1946-இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதமும் இருக்கிறது. இரண்டும் இல்லாத இந்தப் பலகையை நம் பகுதியில் மாட்டினால் ஊர்ப் பெரியவர்களே கேட்பார்கள். 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறுகளுக்காகச் சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தை ஒரு பலகையாக நீங்களே அச்சடித்துப் பக்கத்தில் வையுங்கள். அவர் நினைவிடம் ஓட்டேரியில் இருக்கும்போது அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

இனி மாட்டும் வேலை. ஒவ்வொரு பலகையும் 2 அடி அகலம், 3 அடி உயரம், 5 மி.மீ. சன்போர்டில் ஒட்டிய வினைல், மேலே மேட் லேமினேஷன். வெளிச்சம் பட்டால் கண் கூசாது. இது நல்ல தேர்வு. அரையடி இடைவெளி விட்டால் 28-க்கும் 70 அடி சுவர் வேண்டும். 20-க்கு 30 அடி படிப்பகத்தில் கதவு, ஜன்னல் போக இது சரியாக அமையும். தெருவில் என்றால் 8 அடிக்கு ஒரு சவுக்குக் கம்பு, ஒரு இடைவெளியில் 3 பலகை, மொத்தம் 11 கம்பு. பலகையின் நடுப்பகுதி தரையிலிருந்து நாலரை அடியில் இருக்கட்டும்.

ஐலெட் (கயிறு கோக்கும் வளையம்) மேலே மட்டும் இரண்டு. காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் கடற்காற்றில் பலகை படபடத்து ஐலெட் கிழியும், கிழிந்தால் அட்வான்சில் 250 ரூபாய் பிடிக்கிறார்கள். கீழே இன்னொரு கயிறு இழுத்து, பெரிய பைண்டர் கிளிப்பால் பலகையைக் கயிற்றோடு கவ்விவிடுங்கள். வெயிலில் சாய்த்து வைத்தால் சன்போர்டு வளையும், வளைந்தது நிமிராது. பகலில் படுக்கவைத்து அடுக்குங்கள். மாலை 5 மணிக்கு மேல் மாட்டினால் போதும். 50 வாட் எல்.இ.டி. ஃப்ளட் லைட் 5 போதுமானது. உப்புக்காற்றில் வினைல் ஓரம் உரியும், இரண்டு நாளுக்கு மேல் வெளியே விட வேண்டாம்.

எடுத்து வர மீன்பாடி வண்டி போதும், இரண்டே பெட்டி. மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் புளியந்தோப்புக்காரர்கள் பெரம்பூர் சுற்றித்தான் வர வேண்டியிருக்கும். முதல் நாள் மாலையே எடுத்துவிடுங்கள், அதற்குத் தனி வாடகை கேட்பதில்லை. பெட்டிக்குள் தார்ப்பாய் தருவதில்லை, நீங்கள் கொண்டு போக வேண்டும். பலகைக்குப் பின்னால் உள்ள எண்கள் 16-க்குப் பிறகு மாறி இருக்கின்றன. தேதியைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள்.

பிள்ளைகளுக்கு என்றால் ஒரு பயிற்சி செய்யலாம். சாமியானா கடையில் 36 பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து, வழி விட்டு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டாக ஒன்பது வரிசை போடுங்கள். நிஜப் பேருந்தின் அமைப்பு அச்சு அசல் வராது, விதி புரிந்துவிடும். சீட்டுக் குலுக்கி யார் எந்தப் பயணி என்று முடிவு செய்யுங்கள். நிறம் பார்த்தோ தெரு பார்த்தோ பிரிக்கவே கூடாது, பிள்ளைகள் மனதில் அது வேறு விதமாகத் தங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சீட்டை மாற்றிக் குலுக்குங்கள். ஒரு தடவைக்கு 15 பேருக்கு மேல் பலகை முன் நிறுத்தாதீர்கள். மான்ட்கோமரி பகுதிக்கு மட்டும் 25 நிமிடம் பிடிக்கும்.

டிசம்பர் 6 அம்பேத்கர் நினைவு நாளுக்காக அந்த வாரம் முழுவதும் அக்டோபரிலேயே பதிவாகிவிடுகிறது. டிசம்பர் 20, 21 பெரும்பாலும் காலியாக இருக்கும். மான்ட்கோமரி மக்கள் மறுபடி பேருந்து ஏறிய நாளும் டிசம்பர் 21-தான், வாடகையும் பேசினால் 200, 300 குறைப்பார்கள். பிழைகளைக் கடைக்காரரிடம் சொன்னால் பொறுமையாகக் கேட்கிறார், அடுத்த அச்சில் 7, 8-ஆவது பலகைகளை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். செல்மாவுக்கு மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எடுக்கும் ஒவ்வொரு மன்றமும் கேட்டால் மாற்றுவார்.